மேஸ்திரியின் முதல் ‘முடியாது’

மேஸ்திரி ‘முடியாது’ என்று சொல்லி அந்தக் கம்பெனியில் ஒருவரும் கேட்டதில்லை. சுவர் வேண்டுமானால் ஒரு நாள் வாய் திறந்து எதிர்த்துப் பேசும், மேஸ்திரி பேச மாட்டார் என்று பெட்டிகளில் கம்பிப் பின் அடிக்கிற பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்றால், “சரிங்கக்கா.” மதியச் சாப்பாட்டை அரை மணி தள்ளிப் போட்டுக்கொள்ளலாமா என்றால், “சரிங்கக்கா.” அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்த வருஷம் கம்பெனி டீயில் எல்லாருக்குமே சர்க்கரை நிறுத்தப்பட்டது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். மேஸ்திரி ஒரு மடக்கு குடித்துவிட்டு, “நல்லாத்தாங்கக்கா இருக்கு” என்றார்.

அக்கா என்பது கம்பெனியின் முதலாளி. அட்டைப்பெட்டி கம்பெனி. நீளமான தகரக் கொட்டகை. ஒரு கோடியில் இடுப்பு உயரத்துக்குக் காகித உருளைகள், மறு கோடியில் மடிக்காத பெட்டிகள் கட்டுக் கட்டாக. நடுவில் வெட்டும் மெஷின். அதற்குள் வைக்கிற அச்சைச் செய்வதுதான் மேஸ்திரியின் வேலை: பலகையில் இரும்புத் தகடுகளை வரிசையாகப் பதிக்க வேண்டும். தகடு கொஞ்சம் தூக்கியிருந்தால் மடிப்பு கிழிந்துபோகும், கொஞ்சம் தாழ்ந்திருந்தால் பெட்டி மடியவே மடியாது. மருந்து பாட்டில், பல்பு, கண்ணாடிக் குடுவை என்று உடைகிற சாமான்களுக்கெல்லாம் பெட்டி அங்கேதான். மேஸ்திரி போட்ட அச்சில் வெட்டிய பெட்டி திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அக்காவைவிட அவருக்கு வயது இரண்டு கூடுதல். ஆனாலும் எல்லாரையும்போல அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“தங்கமான மனுஷன். வாயில விரலை வெச்சா கடிக்கத் தெரியாது” என்று அக்கா போகிற இடமெல்லாம் அவரைப் பற்றிப் பெருமையடிப்பாள். போன வருஷம் அவளுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, மேஸ்திரி தினமும் வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வராமல், டாக்டர் வெளியே வரும்போதெல்லாம் பின்னாலேயே போய், “பொழைச்சுக்குவாங்களா?” என்று கேட்டாராம். அந்த விசுவாசத்தை அக்கா சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

இனி உள்கதைக்கு வருவோம். மேஸ்திரியின் மனைவிக்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். அதற்கான செலவை மேஸ்திரியின் சம்பளத்தில் பார்ப்பதென்றால் அவர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. கம்பெனி தன் ஆட்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எடுத்துவைத்திருந்த இன்சூரன்ஸ்தான் அந்த அம்மாளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வேலை இருக்கும்வரைதான் அது. வேலையை விட்டால் அந்த மாதத்தோடு சரி.

இன்சூரன்ஸை எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்ட் வேறு யாரும் இல்லை, அக்காவின் சம்பந்தி. பெண்ணைக் கொடுத்த இடம். வருஷா வருஷம் புதுப்பிக்கிற சமயத்தில் அவர் வருவார், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவார், தொகை ஏன் ஏறியது என்று கால் மணி நேரம் விளக்குவார். “மேஸ்திரி சம்சாரம் ஒருத்தருக்காகத்தாங்க சம்பந்தி இவ்ளோ ஏறுது. வீட்டாளுங்களை எடுத்துட்டா பாதியா கொறையும்” என்று ஒவ்வொரு வருஷமும் காதில் போடுவார். சம்பந்தி எதைச் சொன்னாலும் “சரிங்க சம்பந்தி” என்கிற அக்கா, அந்த ஒன்றுக்கு மட்டும் பிடி கொடுக்கவே மாட்டாள். அது பாதி இரக்கம். மீதி, மேஸ்திரி போய்விடக் கூடாதே என்கிற கவலை. எது எவ்வளவு என்று அவளும் பிரித்துப் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதுமில்லை.

ஏனென்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பெட்டிக் கம்பெனி ஒன்று வந்திருந்தது. அதன் மேனேஜர் ஒரு நாள் பேங்கில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்.

“உங்க மேஸ்திரியை ரெண்டு தடவ கூப்பிட்டோம். சரிங்கற வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா எங்க இன்சூரன்ஸ்ல, ஏற்கெனவே இருக்கற வியாதின்னா மூணு வருஷம் காத்திருக்கணும். அதைச் சொன்னதும் முகம் தொங்கிப் போச்சு, எழுந்து போயிட்டாரு.”

அக்கா அன்றைக்கு அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கம் அந்தத் திட்டத்தை அறிவித்தது. எல்லாருக்கும் மருத்துவம் இலவசம். யார் எங்கே வேலை பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, ஏற்கெனவே என்ன வியாதி இருந்தாலும் சரி. செலவை அரசாங்கம் வரியிலிருந்து பார்த்துக்கொள்ளும், கம்பெனிகள் சம்பளத் தொகைக்கு ஏற்ப ஒரு வரி கட்ட வேண்டும். டீ நேரத்தில் ரேடியோவில் இதைக் கேட்டபோது பின் அடிக்கிற பெண்கள் கைதட்டினார்கள். மேஸ்திரி தட்டவில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடி ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக எதிர்க் கம்பெனி கேட்டைப் பார்த்தாள்.

அந்த வாரமே சிறுதொழில் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். திட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்க ஒரு குழு ஊருக்கு வருகிறது, சங்கத்தின் சார்பில் என்ன சொல்லலாம் என்பதுதான் பேச்சு. அடடா, அன்றைக்குப் பேசியவர்களின் நியாய உணர்ச்சியைக் கேட்டிருக்க வேண்டும். பிஸ்கட் ஃபேக்டரிக்காரர் எழுந்து, “மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குங்க, நான் ஆதரிக்கிறேன்” என்றார். அவரிடம் முந்நூறு பேர் வேலை. முந்நூறு குடும்பத்துக்கும் இன்சூரன்ஸ் கட்டிக் கட்டி ஓய்ந்துபோயிருந்தார், அது அரசாங்கத்தின் தலையில் இறங்கினால் அவருக்கு விடுமுறை. சோப்புக் கம்பெனிக்காரர் எழுந்து, “தனிமனித சுதந்திரம்னு ஒண்ணு இருக்குங்க, நான் எதிர்க்கிறேன்” என்றார். அவர் பிறந்ததிலிருந்து ஒருத்தருக்கும் இன்சூரன்ஸ் கட்டியதில்லை, இனிமேல் வரி கட்ட வேண்டும். லேத் பட்டறைக்காரர் ஆதரவு. “நல்ல பசங்க எவனும் என்கிட்ட நிக்க மாட்டேங்கறான், இன்சூரன்ஸ் இருக்கற பெரிய கம்பெனிக்கே ஓடறான். எல்லாருக்கும் ஒண்ணுன்னா என்கிட்டயும் நாலு பேர் வருவான்” என்று அவர் ஒருவர்தான் உள்ளதை உள்ளபடி சொன்னார், அதனால் அவர் பேசும்போது யாரும் சரியாகக் கேட்கவில்லை. மற்றவர்கள் நெஞ்சைத் தொட்டுத்தான் பேசினார்கள். சட்டைப் பையும் அங்கேதானே இருக்கிறது!

அக்கா எழுந்தாள். “அரசாங்கம் கை வெச்சா தரம் போயிடும். நம்ம தொழிலாளியை நம்மளே பாத்துக்கற மாதிரி வருமா?” என்றாள். பலமான கைதட்டல். கணக்குப் பார்க்கிறவர் முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தார்: இப்போது இன்சூரன்ஸுக்குப் போவதைவிட வரி குறைவாகத்தான் வரும், நமக்கு லாபம் என்று. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. சங்கம் இரண்டாகப் பிரிந்து நின்றதால், ஆதரிப்பவர்கள் சார்பில் பிஸ்கட்காரரும் எதிர்ப்பவர்கள் சார்பில் அக்காவும் பேசுவது என்று முடிவானது.

சம்பந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. திட்டம் வந்தால் அவர் ஏஜென்சிக்குப் பூட்டுதானே. மறுநாளே பேச்சை எழுதி, டைப் அடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“நீங்க மட்டும் பேசினாப் பத்தாதுங்க சம்பந்தி. ஒரு தொழிலாளி வந்து, எங்க கம்பெனி இன்சூரன்ஸே போதும்னு சொன்னா, குழுக்காரங்க வாயடைச்சுப் போவாங்க. உங்க மேஸ்திரியைக் கூட்டிட்டு வாங்க. அவரைவிட யாரு சொல்ல முடியும்?”

“சரிங்க சம்பந்தி” என்றாள் அக்கா.

மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். தகட்டைத் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் ஒரு நொடி நின்றது. பிறகு, “சரிங்கக்கா” என்றார்.

அக்கா தன் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“அவரையே கூட்டிட்டுப் போறியா? அவர் பொண்டாட்டிக்கு நல்லது வர்ற திட்டத்தை அவர் வாயாலயே வேண்டாம்னு சொல்ல வைக்கவா?”

“நான் என்ன கழுத்தைப் பிடிச்சா சொல்ல வைக்கறேன்? வர்றியான்னு கேட்டேன், சரின்னாரு.”

“அவர் என்னிக்கு உன்கிட்ட இல்லன்னு சொன்னாரு? நீ அவரை வேலைக்கு வெச்சிருக்கியா, அடமானம் வெச்சிருக்கியா?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “உங்களுக்கென்ன, ரிட்டயர் ஆன மனுஷன், வாய்க்கு வந்ததைப் பேசுவீங்க. அவர் போயிட்டா நாளைக்கு அச்சை நீங்களா செய்வீங்க?” என்று பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். வாதத்தில் ஜெயித்துவிட்டாள். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று கம்பெனி வேனை மேஸ்திரியே ஓட்டினார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்த பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் நிற்கும்போது மேஸ்திரி இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தார்.

“என்ன மேஸ்திரி, ஏதாவது அவசரமா?”

“இல்லங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டாளான்னு பாத்தேன்.”

“இன்னிக்கு டயாலிசிஸா?”

“ஆமாங்கக்கா. எப்பவும் நான்தான் கூட்டிட்டுப் போவேன். இன்னிக்கு அவ தங்கச்சியை வரச் சொல்லியிருக்கேன்.”

“அட, சொல்லியிருக்கலாம்ல! வேற ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பேனே!”

மேஸ்திரி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “நீங்க கூப்பிட்டீங்களேக்கா.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அக்கா கையிலிருந்த தாளை எடுத்து மறுபடி வாசிக்கப் பார்த்தாள். ஒரு வரியும் ஏறவில்லை.

அரசாங்கக் கட்டிடத்தின் மேல் மாடியில் பெரிய கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சென்று கத்துகிற மைக், நீண்ட மேஜைக்குப் பின்னால் குழு. குழுவின் தலைவி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிஸ்கட்காரர் மனிதாபிமானத்தைப் பேசி இறங்கினார். அடுத்தது எதிர்த் தரப்பு. தொழிலாளி முதலில் பேசட்டும் என்றார்கள். முன்வரிசையில் இருந்த சம்பந்தி மேஸ்திரியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மேஸ்திரி மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்றே பேசினார். “எங்க கம்பெனி இன்சூரன்ஸ் நல்லா இருக்குங்க. என் சம்சாரத்துக்கு டயாலிசிஸ் அதுலதான் நடக்குது. அக்கா எங்களை நல்லாப் பாத்துக்கறாங்க. அதுவே போதுங்க.” சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். இறங்கத் திரும்பினார்.

“ஒரு நிமிஷம்” என்றார் தலைவி. “வேற எடத்துல வேலை பாக்கலாம்னு எப்பவாவது நெனச்சிருக்கீங்களா?”

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார்.

“அவங்களைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

“நெனச்சு என்னங்க பண்றது?”

“சரி. நாளைக்கே இந்தக் கம்பெனியை மூடிட்டா என்ன பண்ணுவீங்க?”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா!” மேஸ்திரியின் குரல் சட்டென்று உடைந்தது. சொல்லிக் கொடுத்த பேச்சு தீர்ந்துபோயிருந்தது, இனி அவரிடம் இருந்தது உண்மை மட்டும்தான். “போன வருஷம் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்துச்சுங்க. அந்தப் பத்து நாளும் நானும் என் சம்சாரமும் ஒழுங்கா ஒரு வாய் சோறு திங்கல. அக்கா மேல பாசம் இல்லாம இல்லைங்க, நெறைய இருக்கு. ஆனா அவங்களுக்கு ஒண்ணுன்னா கம்பெனி போயிடும், கம்பெனி போனா என் சம்சாரம் போயிடுவா. அக்கா பொழைக்கணும்னு நாங்க அழுதது… எங்களுக்காகவும்தாங்க அழுதோம்.”

வார்டு வாசலில் நின்ற மேஸ்திரி அக்காவின் கண்முன் வந்தார். உள்ளே வராமல் டாக்டர் பின்னாலேயே ஓடிய மேஸ்திரி. பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அது விசுவாசம் மட்டுமா, நடுக்கமும் அல்லவா? ஒரு மனுஷனை ஒன்பது வருஷமாக இப்படியா பயத்தில் வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவளைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்று, டைப் அடித்த தாளை உயர்த்திக் காட்டினாள்.

“இது எங்க சம்பந்தி எழுதிக் குடுத்தது. நல்லா எழுதியிருக்காரு, குறை சொல்லக் கூடாது. ஆனா இதை நான் வாசிக்கப் போறதில்ல.”

முன்வரிசையில் சம்பந்தி எழுந்தே விட்டார்.

“உக்காருங்க சம்பந்தி. அம்மா, நான் இந்தத் திட்டத்தை எதிர்த்ததுக்கு ஒரே காரணம்தான். இது வந்தா எங்க மேஸ்திரி எதிர்க் கம்பெனிக்குப் போயிடுவாருன்னு பயம். தரம் கிரம்னு நான் பேசினதெல்லாம் சும்மா. வரிகூட எனக்குக் கொறைச்சல்தான் வருது. அவர் சம்சாரத்தோட உசிரை என் கல்லாவுல வெச்சுப் பூட்டிட்டு, மேஸ்திரி தங்கமான மனுஷன், எதிர்த்துப் பேசவே தெரியாதுன்னு மெச்சிக்கிட்டிருந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கும் பயம்தான். ஒவ்வொரு வருஷமும் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது, இந்தத் தடவ கட்ட முடியுமா, முடியாமப் போனா அந்தம்மா என்ன ஆவாங்கன்னு கணக்குப் போட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். நான் பெட்டி செய்யறவ. ஆர்டர் வரும், போகும். ஆர்டர் போனா ஒரு உசிரும் போகும்னு எனக்கு எதுக்கும்மா இந்தப் பாரம்? இதை அரசாங்கம் எடுத்துக்கறதா இருந்தா தாராளமா எடுத்துக்கட்டும். மேஸ்திரி போறதுன்னா போகட்டும். கும்பிட்டு அனுப்பி வைக்கறேன்.”

லேத் பட்டறைக்காரர்தான் முதலில் கைதட்டினார். பிறகு கூடமே தட்டியது. சோப்புக் கம்பெனிக்காரர் மட்டும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அக்காவுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

சம்பந்தி வாசலில் பிடித்துக்கொண்டார். “என்ன சம்பந்தி, இப்படிக் கவுத்துட்டீங்களே!”

“தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. இந்த ஒரு தடவ உங்க பேச்சைக் கேக்க முடியல” என்றாள் அக்கா. மகளின் வீட்டில் இதற்கு என்ன வருமோ என்று உள்ளுக்குள் உதறத்தான் செய்தது. ஒன்றும் வரவில்லை. சம்பந்தி இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு இருந்தார், அப்புறம் வாகன இன்சூரன்ஸுக்கு மாறிக்கொண்டு, வேனுக்குப் பாலிசி போடச் சொல்லி அதே மின்விசிறிக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பேசியதால்தான் சட்டம் வந்தது என்று பின் அடிக்கிற பெண்கள் இன்னமும் சாதிக்கிறார்கள். குழு நூற்றுக்கணக்கான பேரைக் கேட்டது, சட்டமன்றம் மாதக்கணக்கில் சண்டை போட்டது, அதெல்லாம் அவர்கள் கணக்கில் இல்லை. எப்படியோ, சட்டம் வந்தது. அமலுக்கு வந்த முதல் நாள் மேஸ்திரி மனைவியை அழைத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே கட்டில், அதே மெஷின், அதே நர்ஸ். மதியம் அக்காவின் போன் அடித்தது.

“அக்கா, முடிஞ்சிடுச்சுக்கா. கம்பெனிப் பேரே கேக்கலக்கா.”

“என்னது?”

“எந்தக் கம்பெனின்னு எப்பவும் முதல்ல கேப்பாங்க. இன்னிக்குக் கேக்கவே இல்லைங்கக்கா. ஊசி போட்டாங்க, மெஷினைப் போட்டாங்க, அனுப்பிட்டாங்க.” அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுகிற சத்தம் போனில் கேட்டது. அக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது என்பார்களே, அதுதான். இனிமேல் கம்பெனிக்கு ஒன்று ஆனால் கம்பெனிக்கு மட்டும்தான் ஆகும். போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு முழுசாக மூச்சு விட்டாள்.

மறுவாரம் சனிக்கிழமை. பல்பு கம்பெனியிலிருந்து அவசர ஆர்டர். அக்கா வழக்கம்போல வெட்டும் மெஷின் பக்கம் வந்து, நடந்துகொண்டே சொன்னாள். “மேஸ்திரி, நாளைக்கு வந்துடுங்க. திங்கக்கிழமை சரக்கு போகணும்.”

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரி தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் குதிக்கப் போகிறவர்போல நின்றிருந்தார்.

“முடியாதுங்கக்கா.”

பின் அடிக்கிற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாயாடி என்று பேர் வாங்கிய பெண்கூட வாயைத் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“நாளைக்கு முடியாதுங்கக்கா. அவளை எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்.” மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது, ஆனால் ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. “அப்புறம், இந்த டீல சக்கரை போடச் சொல்லுங்கக்கா. ஒன்பது வருஷமா வாயில வைக்க முடியல.”

“நல்லா இருக்குன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க!”

“வேற என்னக்கா சொல்வேன்?”

வாயாடிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் கொட்டகையே சிரித்தது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்துப் பார்த்தாள், முடியவில்லை, காகித உருளையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மேஸ்திரி மெல்லச் சொன்னார். “எதிர்க் கம்பெனில மறுபடி கூப்பிட்டிருக்காங்கக்கா. திங்கக்கிழமை காலைல பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உங்ககிட்ட மறைக்க வேண்டாம்னுதான்…”

“அதுவும் நல்லதுதான்” என்றாள் அக்கா. கும்பிட்டு அனுப்புகிறேன் என்று ஊரறியச் சொன்னவள் வேறு என்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல்பு கம்பெனிக்குப் போன் செய்து, சரக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வரும் என்று சொன்னாள். அவர்கள், “சரி, பரவாயில்ல” என்று வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷமாக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை இப்படி ஒரு போனில் மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தவர், “அடமானம் மீண்டுடுச்சு போலிருக்கே” என்றார். “மீண்டுடுச்சு. நீங்க சும்மா இருங்க” என்றாள். ஆனால் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை சங்கு ஊதியது. மேஸ்திரியைக் காணோம். ஒரு நாளும் சங்குக்குப் பிந்தி வராதவர். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஜன்னல் வழியாக எதிர்க் கம்பெனி கேட்டைப் பார்த்தாள். கேட் திறந்தது, மேஸ்திரி உள்ளேயிருந்து வெளியே வந்தார். ரோட்டின் இரு பக்கமும் பார்த்தார், லாரி ஒன்று போகும்வரை நின்றார், அப்புறம் இந்தப் பக்கம் தாண்டி வந்தார். அக்கா அவசர அவசரமாக மேஜைக்குப் போய், ஏதோ வேலையாக இருப்பதுபோல உட்கார்ந்தாள்.

“லேட்டாயிடுச்சுங்கக்கா.”

“பரவால்ல. என்ன சொன்னீங்க அங்க?”

“முடியாதுன்னு சொன்னேன்.” மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு தடவ சொல்லிப் பழகிட்டா அப்புறம் சுலபமா வருதுங்கக்கா.”

“ஏன் மேஸ்திரி? போயிருக்கலாமே. அங்க சம்பளம் கூட.”

“தெரியுங்கக்கா. அவங்க வந்த நாள்லேருந்து ஒவ்வொரு நாளும் அந்த கேட்டைப் பாத்துட்டுத்தான் உள்ள வருவேன். போக முடியலையேன்னு மனசு அடிச்சுக்கும். இன்னிக்கு நெஜமாவே உள்ள போய் நிக்கறேன், எப்ப வேணா வரலாம், போலாம்னு தெரிஞ்சதும் அந்த அவசரம் எங்கயோ போயிடுச்சு. எனக்கு இந்த மெஷின்தான் பழக்கம். ஆனா ஒண்ணுக்கா, நாளைக்கு மனசு மாறினா வந்து சொல்லுவேன்.”

“சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வேலை இனிமே கிடையாது, யாருக்கும். சம்பளத்துக்கு நான் என்ன பண்ண முடியும்னு சாயங்காலம் உக்காந்து பேசுவோம்.”

“பேசணுங்கக்கா. நானே சொல்லணும்னு இருந்தேன்.”

“சரிங்க மேஸ்திரி” என்றாள் அக்கா.

டீ வந்தது. அக்காவுடையது தனி டம்ளரில், மற்றதெல்லாம் சர்க்கரை போட்டு. மேஸ்திரி ஒரு மடக்கு குடித்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் தித்திப்பு தூக்கலா இருக்குங்கக்கா” என்றார்.

“அடப் பாவி மனுஷா!” என்று வாயாடி கத்தினாள். அவர் குறை சொன்னது அக்காவுக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது. தன்னுடைய சர்க்கரையில்லாத டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, பல்புப் பெட்டிக்கான அட்டையை எடுக்க எழுந்து போனாள்.